வாராவாரம் ஆடினால் தெரியுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப் (அமெரிக்கன் ஃபுட்பாலில் கல்லூரி அணிகளின் பட்டத்துக்கான நாக்-அவுட் ஆட்டங்கள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போகிற போக்கில் கட்டுரையாளர் ஒன்று சொல்லியிருக்கிறார்: சின்ன கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) அணிகள் ஏதோ ஒரு சனிக்கிழமை ஜெயித்துவிடலாமாம், எஸ்இசி, பிக் டென் போன்ற பெரிய கான்ஃபரன்ஸ்களில் வாராவாரம் ஆடவிட்டால் அக்டோபரிலேயே மூச்சு வாங்குமாம். சின்ன கான்ஃபரன்ஸ் அணியான பாய்ஸி ஸ்டேட்டின் ஊரில், பாய்ஸியில் குடியிருப்பவன் இதைப் படித்தால் எப்படியிருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை, சரி. நீங்களாவது யோசித்திருக்கலாம்.

2007 புத்தாண்டு இரவு நடந்த ஃபியஸ்டா பௌல் (பௌல் என்பது சீசன் கடைசியில் நடக்கும் பெரிய ஆட்டம்) தாங்கள் அறியாததல்ல. ஓக்லஹோமாவுடன் கூடுதல் நேரம், பாய்ஸி ஸ்டேட் ஒரு பாயின்ட் பின்னால். ஒரு பாயின்ட் கிக் அடித்துச் சமன் செய்திருக்கலாம். ஜெயித்தே தீர வேண்டுமென்று இரண்டு பாயின்டுக்குப் போனார்கள். பந்தை எறியும் ஆட்டக்காரர், அதாவது குவார்ட்டர்பேக், ஸப்ரான்ஸ்கி வலது கையை ஓங்கி எறிகிற மாதிரி காட்டினார். அந்தக் கை காலி. பந்து இடது கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார், தடுக்க ஆளே இல்லை. 43-42. அந்த சீசன் முழுக்கத் தோல்வியே கிடையாது, 13-0. கிடைத்தது ஐந்தாம் ரேங்க். பட்டம், ஒரு ஆட்டம் தோற்ற ஃப்ளோரிடாவுக்கு.

அப்போது ஒஹாயோ ஸ்டேட்டில் படித்த என் அலுவலக நண்பர், நம்மவர்தான், "அது சர்க்கஸ், ஃபுட்பால் இல்லை" என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்தாம் ரேங்கிலிருந்த மிச்சிகன், அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியைக் காசு கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரவழைத்து 34-32 என்று உதை வாங்கிக்கொண்டது. அதற்கு அவரிடம் பதில் இல்லை. 2009 சுகர் பௌலில், அப்போது சின்ன கான்ஃபரன்ஸில் இருந்த யூட்டா, எஸ்இசியின் அலபாமாவை 31-17 என்று அடித்தபோது, அலபாமா பையன்கள் மனசில்லாமல் ஆடினார்கள் என்றார்கள். சின்ன அணி தோற்றால் தகுதியில்லை, பெரிய அணி தோற்றால் மனசில்லை. நல்ல கணக்கு!

வாராவாரம் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த யூட்டாவே சாட்சி. 2011-இல் அன்றைய பெரிய கான்ஃபரன்ஸான பேக்-12 சேர்த்துக்கொண்டது. 2012-லும் 2013-லும் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று அடிவாங்கியது உண்மைதான். அப்புறம் 2021, 2022 இரண்டு வருடமும் அந்த கான்ஃபரன்ஸின் சாம்பியன் யார்? டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டி) 2012-இல் பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போய், 2022 சீசனில் மிச்சிகனை வென்று இறுதி ஆட்டம் வரை வந்தது. அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று நொறுங்கியதையும் நான் மறைக்கவில்லை. பெரிய கான்ஃபரன்ஸின் டிவி பணம் வந்து, அதைக் காட்டி நல்ல பையன்களைச் சேர்த்துப் பெரிய அணியாக வளர நாலைந்து வருடம் ஆகும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் முதல் வருட ரிசல்ட்டை மட்டும் காட்டுவது என்ன நியாயம்?

சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து பிளேஆஃபுக்கு வந்த சின்சினாட்டியைச் சொல்வீர்கள். 2021 டிசம்பர் 31-ஆம் தேதி அலபாமாவிடம் 27-6 என்று தோற்றது, "இவர்களை ஏன் உள்ளே விட்டார்கள்" என்று ஒரே கூச்சல். அதே நாளில் பிக் டென் சாம்பியன் மிச்சிகன், ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றது. வித்தியாசம் சின்சினாட்டியுடையதைவிட இரண்டு பாயின்ட் அதிகம். பிக் டென்னை வெளியே அனுப்பச் சொல்லி ஒருவரும் எழுதியதாக நினைவில்லை. என் நண்பரின் ஒஹாயோ ஸ்டேட்டே 2016 சீசன் பிளேஆஃபில் க்ளெம்சனிடம் 31-0. பூஜ்யம், ஐயா.

இதற்கு நடுவில், ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ள வழிவிடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. இங்கே வளர்கிற பையனைப் பெரியவர்கள் பணம் காட்டி அள்ளிக்கொண்டு போவார்கள், பிறகு "உங்களிடம் ஆள் பலம் இல்லையே" என்பார்கள். எங்கள் ஆஷ்டன் ஜென்டி 2024-இல் போகாமல் இருந்தார், பந்தை எடுத்துக்கொண்டு 2,601 யார்டு ஓடினார். அந்த செப்டம்பரில் எங்களிடம் ஓரிகன் தன் சொந்த மைதானத்திலேயே மூன்று பாயின்டில்தான் தப்பித்தது, 37-34. எங்கள் நீலப் புல்தரை மைதானத்துக்கு வந்து ஆடச் சொல்லுங்கள், பெரியவர்களில் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் பார்ப்போம்.

உங்கள் பத்திரிகையும் அப்படித்தான். நியூ ஜெர்ஸி, டல்லாஸ், பே ஏரியா பொங்கல் விழா என்றால் நடுப்பக்கம் முழுக்கப் படம். நாங்களும் வருடாவருடம் அனுப்புகிறோம். "இடமின்மை காரணமாக" என்று ஒரு வரி பதில் வரும், அதுவும் சில வருடம் வராது. போன முறை நான் எழுதிய கடிதத்தையும் பாதியாக வெட்டி, பாராட்டிய பகுதியை மட்டும் போட்டிருந்தீர்கள். கத்தரிக்கோலைக் கையாளும் திறமைக்கு நன்றி.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் பாய்ஸி ஸ்டேட் அயோவா மாநிலத்தில் இருப்பதாக அச்சாகியிருக்கிறது. ஐடஹோ என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடவும். சந்தாவை இந்த வருடமும் புதுப்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பாய்ஸி, ஐடஹோ