யார்க் மதிலுக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் விடுமுறைக்கான பயணப் பக்கத்தில், இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அரை நாள் போதும், பேராலயத்தையும் ஷாம்பிள்ஸ் தெருவையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நகரைச் சுற்றியுள்ள பழைய கோட்டை மதிலுக்கு ஒரே ஒரு வரி! காசில்லாமல் ஏறிப் பார்க்கக் கிடைப்பதில் அங்கே பெரியது அந்த மதில்தான்.

நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், நின்று பார்த்து நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் நமக்குக் கோடை, அவர்களுக்குக் குளிர்காலம். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டும்போது படிக்கட்டுக் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். கல்லில் பனி உறைந்திருந்தால் பகலிலும் திறப்பதில்லை. அதனால் மதில் முற்பகலில், பேராலயம் பிற்பகலில். பேராலயக் கோபுரத்துக்கு 275 படிகள், லிஃப்ட் கிடையாது.

பெயர்கள் குழப்பும். அங்கே 'பார்' என்றால் மதுக்கடை அல்ல, கோட்டை வாசல். 'கேட்' என்று முடிவது பெரும்பாலும் தெரு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் விட்டுப்போன சொல் அது.

நேரமில்லாதவர்கள் பூத்தம் பாரில் ஏறி மாங்க் பாரில் இறங்கலாம். இருபது நிமிட நடை. பேராலயம் வழியெல்லாம் பக்கத்திலேயே தெரியும். முழுச் சுற்று போகிறவர்கள் தடுமாறும் இடம் லேயர்தார்ப். மாங்க் பாரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் மதில் அங்கே நின்றுவிடும். இடிந்துபோனது என்று நினைத்துத் திரும்பிவிட வேண்டாம். பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் ஃபாஸ் ஆற்றுக்கு அணை கட்டியதில் அந்தப் பக்கம் ஏரியும் சதுப்புமாகிவிட்டது. நீரே காவல் என்று சுவர் எழுப்பவில்லை. ஃபாஸ் ஐலண்ட்ஸ் சாலையோடு நடந்தால் செங்கல்லில் கட்டிய சிவப்புக் கோபுரம் வரும். மதில் அங்கே மறுபடி தொடங்கும். அடுத்து வருவது வால்ம்கேட் பார். வாசலுக்கு முன்னால் நீண்டிருக்கும் காப்புச் சுவர்கள் இங்கிலாந்து நகர வாசல்களில் இதற்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன.

உட்பக்கம் பல இடங்களில் கைப்பிடிக் கம்பி இல்லை. படிகள் செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் பேரக்குழந்தையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்குவது ஆகாத காரியம்.

ஆப்பிரிக்காவிலிருந்து போகிறவர்கள் மியூசியம் கார்டன்ஸில் உள்ள பல்முகக் கோபுரத்தைத் தவறவிடக் கூடாது. அடிப்பகுதியில் கையகலச் சிறு கற்களும் நடுவே சிவப்புச் செங்கல் பட்டையும் தெரியும்; அது ரோமானியர் வேலை. மேலே உள்ள பெரிய கற்கள் இடைக்காலத்தில் வைத்தவை. இன்றைய லிபியாவில் பிறந்து ரோமப் பேரரசரான செப்டிமியஸ் செவெரஸ், 211இல் இந்த ஊரில்தான் இறந்தார். நம் கண்டத்துக்காரர் ஒருவர் அரசாண்ட ஊர் என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் ஏனோ சத்தமாகச் சொல்வதில்லை.

முடிந்தால் டிசம்பரை விட்டுவிட்டு ஈஸ்டர் விடுமுறையில் போங்கள். அப்போது மதிலடி மண்மேட்டுச் சரிவெங்கும் மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும், மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே ஜனவரியிலேயே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள். நம் உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டரும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்