பாட்டை இறக்கி வாசித்த தம்பிக்கும், உங்கள் எல்லோருக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

அம்மாவை அடக்கம் செய்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வாடகை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ விட்டுப்போன ஒரு கறுப்புக் குடையும், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் மட்டும் திண்ணையில் கிடக்கின்றன. கடைசி மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் எங்களோடு அதற்குள்ளேதான் இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முறை போட்டு ராத்திரி விழித்திருந்த பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள், கேட்பதற்கு முன்னாலேயே ரத்தம் கொடுக்க வந்து நின்ற வாலிபப் பிள்ளைகள், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே போனை எடுத்த போதகர் ஐயா, என் தங்கையைத் தன் மடியில் படுக்க வைத்துக்கொண்ட போதகரம்மா, மூன்று வாரமும் தன் காரை எங்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்த பக்கத்து வீட்டு பாய், மணி அடித்து முடித்ததும் கயிற்றைப் பிடித்தபடியே அழுத கோவில்பிள்ளை அண்ணன், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்லத் தொடங்கினால் யாராவது விட்டுப்போவார்கள். அது அம்மாவுக்கு ஆகாது.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆராதனையில் ஆர்கன் வாசிக்கிற தம்பி.

கீர்த்தனை என்றால் அம்மாவுக்குக் கவலையே கிடையாது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சின்ன வயதிலிருந்தே தன் சுருதியில் பாடி வந்தவர். ராகம் தாளத்தில் கட்டிய பாட்டை எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில் எடுத்தாலும் நிற்கும். ஞானப்பாட்டு அப்படி இல்லை. பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த மெட்டுகள். பெண்கள், ஆண்கள் என்று உச்சக்குரலிலிருந்து அடிக்குரல் வரை நான்கு குரலுக்கும் தனித்தனியாகச் சுரம் எழுதி வைத்திருப்பார்கள். அம்மாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு அதில்தான் இருந்தது. ஐந்து கட்டையில் வாசிப்பார்கள். மூன்றாம் அடியில் மெட்டு சட்டென்று மேலே ஏறும். வயதாக ஆகப் பெண்களின் குரல் இறங்கிவிடுகிறது. எழுபது தாண்டிய பிறகு அந்த அடி அம்மாவுக்கு எட்டவில்லை. அங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்வார். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஆள்காட்டி விரலால் தாளம் தட்டிக்கொண்டே காத்திருப்பார். மெட்டு கீழே இறங்கி வந்ததும் சேர்ந்துகொள்வார். பத்து வருடத்துக்கு மேல் அவர் பக்கத்தில் நின்று அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வருத்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேத புத்தகத்தின் பின்னட்டையில் தன் அடக்க ஆராதனைக்கென்று அந்தப் பாட்டின் எண்ணைத்தான் எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் வழக்கம்போல என் தொண்டை இறுகியது, ஏறப் போகிறது என்று. ஆனால் ஏறிய இடம் எனக்கு எட்டியது. பின்னால் நின்ற வயதான அம்மாமார்கள் எல்லோருக்கும் எட்டியது. கோவிலில் வாயே திறக்காத என் பெரிய அண்ணன் பாடுகிறது கேட்டது. அம்மாவின் பெட்டிக்கு முன்னால், அம்மா பாடாமல் விட்ட அந்த அடியை அம்மாவின் குரல் நிற்கிற இடத்திலேயே சபை முழுக்கப் பாடியது. அப்போது என்ன நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை, அழுகை மட்டும் வந்தது.

நான்கு நாள் கழித்துத்தான் தம்பியிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ஆச்சி ரெண்டு தடவை கேட்டாங்க ஆன்ட்டி. ‘கொஞ்சம் இறக்கி வாசிப்பா, கிழவிகளும் பாடுவோம்’னு. சரி ஆச்சின்னு சொன்னேன். செய்யாமலே விட்டுட்டேன்.” இறக்குவதற்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதுமாம். ஆனால் மூன்று கட்டைக்கு இறக்கினால் அடிக்குரல் பாடுகிறவர்களுக்குப் பாட்டு பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் முந்தின நாள் ராத்திரி பாடகர் குழு முழுவதையும் கோவிலுக்கு வரச் சொல்லி, நான்கு குரலையும் விட்டுவிட்டு எல்லோரையும் ஒரே மெட்டில் பாடப் பழக்கியிருக்கிறார். பண்டிகைக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து நான்கு குரலில் பாடுகிற பிள்ளைகள், அதை ஒரு கிழவிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பி, செய்யாமல் விட்டுவிட்டேன் என்று நீங்கள் இனிமேல் நினைக்க வேண்டாம். ஆச்சி உங்களிடமாவது கேட்டார்கள். பெற்ற மகள் என்னிடம் கேட்கவில்லை, நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்து கிடக்கும்போது, விதவைகள் எல்லோரும் அழுதுகொண்டே நின்று, அவள் உயிரோடு இருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காட்டுவார்கள். ஞாயிறு பள்ளியில் அம்மா அதை எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். துக்க வீட்டில் போய்த் துணியைக் காட்டுவார்களா என்று அப்போது நினைத்திருக்கிறேன். இந்த ஒன்பது நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். அம்மா தைத்துக் கொடுத்த ஞானஸ்நானச் சட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார் ஒருவர். அதைப் போட்ட குழந்தைக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அம்மாவின் கையெழுத்தில் மனப்பாட வசனம் எழுதிய துண்டுச் சீட்டைப் பர்சுக்குள் மடித்து வைத்திருந்தார் இன்னொருவர்; முப்பது வருடமாக வைத்திருக்கிறாராம். நாலு பிள்ளைகளை வளர்த்து, வீட்டையும் தாங்கிக்கொண்டு, இதையெல்லாம் எந்த நேரத்தில் செய்தார்? ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தேடி வந்து காட்டினீர்களே, அதற்கும் நன்றி.

போதகர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு ஞானப்பாட்டை இறக்கி வாசிக்க வேண்டும் என்று. பாடகர் குழுவில் பேசிவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கிறார். இதுவரை பிள்ளைகளோடு முன்வரிசையில் போய் உட்காருவதும், அம்மா தனியாக நிற்கிறாரே என்று பாட்டுக்கு மட்டும் பின்னால் வருவதுமாக இருந்தேன். இனி முழு ஆராதனைக்கும் அம்மாவின் இடத்திலேயே உட்காரப் போகிறேன், அந்த வயதான அம்மாமார்களோடு. யாருக்குக் கண் தெரியவில்லையோ அவர்களுக்குப் பாட்டு எண்ணை எடுத்துக் கொடுப்பேன். அம்மா அதையும் செய்துகொண்டிருந்தார் என்று போன வாரம்தான் அவர்கள் சொன்னார்கள்.

குடையும் செருப்பும் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்த்தருக்குள்,
மூத்த மகள்