உதிரிபாக அறையை ஒழுங்குசெய்து தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். புதுக்கோட்டையில் இயங்கும் எங்கள் சமூக மிதிவண்டிப் பட்டறையில், சாக்குகளிலும் எண்ணெய் டின்களிலும் ஆண்டுக்கணக்கில் கலந்து கிடந்த உதிரிபாகங்கள் இன்று அளவுவாரியாக அடுக்கில் ஏறியிருக்கின்றன. இதற்குக் கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்ற மாவட்டம் இது. அக்காலத்து வண்டிகளும், பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளும் ஒரே கூரையின் கீழ் பழுதுக்கு வருவதால், ஒரே பெயருள்ள பாகம் பல அளவுகளில் சேர்ந்துவிடுகிறது.

பெயர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மூத்த மெக்கானிக் ஐயாவுக்கு முதல் நன்றி. பெயரைப் பார்த்து அல்ல, அளவைப் பார்த்தே பிரிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். பொதுவாக முன் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) 3/16 அங்குலம், பின் ஹப்புக்கும் பெடல் கைகள் பொருந்தும் கிராங்க் அச்சுக்கும் 1/4, பெடலுக்கு 5/32 எனப் பால்ரஸ்கள், அதாவது உள்ளே உருளும் எஃகுக் குண்டுகள், வேறுபடுகின்றன. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இவற்றில் பெரிய குண்டு ஒன்று மாறி விழுந்தாலும், சுமையை அதுவே தாங்கி, குண்டுகள் உருளும் கூம்புப் பாகமான கோனில் பள்ளம் விழச் செய்துவிடும். பெடல் கையை அச்சோடு இறுக்கும் 9 மி.மீ., 9.5 மி.மீ. காட்டர் பின்களைத் தனித்தனி டப்பாக்களில் போட்டதும், இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதால் பெடல்களை ஜோடியாகக் கம்பியில் கோத்ததும் அவருடைய பொறுமைதான்.

டயர்களை அளந்து பிரித்த பள்ளி மாணவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 26 அங்குலம் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே ரிம்மில் உட்காராது: 26 x 1⅜ டயருக்கு ரிம்மில் அமரும் விட்டம் 590 மி.மீ., 26 x 1.95 டயருக்கு 559 மி.மீ. அந்த எண்களை அவர்கள் சுவரில் பெரிதாக எழுதியதால், புதிதாக வருபவரும் யாரையும் கேட்காமல் சரியான டயரை எடுக்கிறார்.

அடுக்குகளைச் செய்து கொடுத்த தச்சருக்கும், டியூப்களுக்குத் துணிப்பை தைத்துத் தந்த மகளிர் குழுச் சகோதரிகளுக்கும், டப்பாக்கள் அளித்த கடைக்காரர்களுக்கும் நன்றி.

போக்ஸ் கம்பிகளை நீளவாரியாகப் பிரிக்கும் வேலை மட்டும் மீதமுள்ளது. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்ட பாலிடெக்னிக் மாணவர்களுக்கு முன்கூட்டியே எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறைப் பொறுப்பாளர்கள்