ஹோபார்ட்டில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் உங்கள் ஊர் விலங்கான டாஸ்மேனியன் டெவிலை ஆராயும் தோழியிடம்தான் எல்லோரும் ஆவலாக விசாரிக்கிறார்கள், ஒற்றைச் செல்லால் ஆன உன் கடல் நுண்பாசியைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன்.

டெவிலின் கதி யாருடைய வயிற்றையும் பிசையும். ஒரே ஈற்றில் இருபதுக்கு மேல் குட்டிகள், அரிசி மணி அளவில். தாய்க்கு முலைக்காம்பு நான்கே. முதலில் வந்து கவ்வியவைதான் பிழைக்கும். அப்படிப் பிழைத்து வளர்ந்ததையும் முகப் புற்று கொண்டுபோகிறது. 1996-இல் முதன்முதலில் கண்ணில் பட்ட நோய். ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றுகிறது. தொற்றுவது வைரஸோ பாக்டீரியாவோ அல்ல; என்றோ செத்துப்போன ஒரு டெவிலின் புற்றுச் செல்தான் உடல் விட்டு உடல் தாவி இன்னும் வாழ்கிறது. தன் அடையாளப் புரதங்களை மறைத்துக்கொள்வதால் எதிர்ப்புச் சக்திக்கு அது பிடிபடுவதில்லை. அந்த விலங்கைக் கொல்வதும் தனியே வாழக் கற்றுக்கொண்ட ஒரு செல்தான், பார்த்தாயா?

உன் நுண்பாசி எமிலியானியா ஹக்ஸ்லேயிக்கும் கொள்ளைநோய் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்குள் இருநூறை வரிசையாக நிறுத்தலாம். அத்தனை சிறிய உடலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகள். செயற்கைக்கோளில் தெரியும் அளவுக்குக் கடலைப் பால்நீலமாக்கும் கூட்டத்தை ஒரு வைரஸ் சில நாட்களில் சரித்துவிடுகிறது. ஆனால் அதே இனத்துக்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது: குரோமோசோம் இரட்டையாக இல்லாமல் ஒற்றைத் தொகுதி, தகடு இல்லை, நீந்துவதற்குச் சாட்டை போன்ற கசையிழை. வைரஸால் அதைத் தொற்ற முடிவதில்லை. கவசத்தைக் கழற்றித் தப்பிக்கும் உயிர் அது!

டெவிலுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் 2012-இல் நோயில்லாதவற்றை டாஸ்மேனியாவை ஒட்டிய மரியா தீவில் கொண்டுபோய் விட்டார்கள். நோய் பரவிய இடங்களில் பெண் டெவில்கள் ஒரு வயதிலேயே ஈனத் தொடங்கியிருக்கின்றன; சாவதற்குள் ஒரு தலைமுறையையாவது விட்டுச்செல்லும் தவிப்பு என்றே எனக்குப் படுகிறது. தோழியின் வேலை அவசரமானது, மறுக்கவில்லை. அதற்காக உன்னுடையது இளைத்ததாகிவிடாது. நோய்க்கு ஓர் உயிர் எப்படித் தப்புகிறது என்பதே இருவருக்குமான கேள்வி. அதற்கு இயற்கை எழுதிய விடை ஒன்று உன் நுண்ணோக்கியின் கீழ் இருக்கிறது. தோழியிடம் உட்கார்ந்து பேசு.

தகடுள்ளது, இல்லாதது இரண்டின் படத்தையும் அனுப்பு. பெரிதாக அச்செடுத்து, நான் பாடம் நடத்திய பள்ளியில் ஒட்டச் சொல்லப்போகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா