அலைக்கற்றையைக் கைமாற்றும் முன் ஏற்பிகளைக் கணக்கெடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் சேவைகளும் கைப்பேசி இணைய நிறுவனங்களும் அலைக்கற்றைக்காகப் போட்டியிடும் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு ஏலத்தொகையைச் சுற்றியே நடக்கிறது. யார் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வாங்கினார்கள், அரசுக் கருவூலத்துக்கு எவ்வளவு வந்தது என்பவை தலைப்புச் செய்தியாகின்றன. அதே அலைவரிசையிலோ அதை ஒட்டிய அலைவரிசையிலோ ஏற்கெனவே இயங்கிவரும் ஏற்பிகள், அதாவது அலைகளைப் பெறும் கருவிகள், எத்தனை, அவை எங்கெங்கே உள்ளன, புதிய கோபுரங்கள் வந்தபின் அவற்றின் நிலை என்ன என்ற கேள்விகளை யாரும் எழுப்புவதில்லை. அலைக் குறுக்கீட்டின் பாதிப்பு விழுவது ஏற்பியின் மேல்தான். அது எதையும் ஒலிபரப்புவதில்லை என்பதால் பல நாடுகளில் உரிமப் பதிவேட்டில்கூட அதற்கு இடமில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யாமல் அலைக்கற்றையைக் கைமாற்றுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

புவிநிலைச் சுற்றுப்பாதையில் உள்ள, தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலையின் வலு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஆகவே ஒரே ஆற்றலை ஒரே விதமாக வெளியிடும் இரண்டு அனுப்பிகளில் ஒன்று 1 கிலோமீட்டரிலும் மற்றது 36,000 கிலோமீட்டரிலும் இருந்தால், அருகில் உள்ளதன் அலை ஏறத்தாழ 130 கோடி மடங்கு வலுவோடு வந்து சேரும். விண்ணிலிருந்து வரும் அந்த மெல்லிய அலையைப் பிடிப்பதற்காக டிஷ் ஆன்டெனாவின் முகப்பில் எல்.என்.பி. என்னும் நுட்பமான பெருக்கியைப் பொருத்துகிறார்கள். செயற்கைக்கோள்கள் தரைக்கு அனுப்பும் 4 ஜிகாஹெர்ட்ஸ் அருகிலான அலைவரிசைத் தொகுப்பை சி பேண்ட் என்பார்கள்; அதற்கான எல்.என்.பி.க்களில் பெரும்பாலானவை 3.4 முதல் 4.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை முழு வீச்சையும் ஒருசேர உள்வாங்குபவை. ஆகவே 3.5 ஜிகாஹெர்ட்ஸில் கைப்பேசிக் கோபுரம் ஒன்று அருகே இயங்கத் தொடங்கினால், செயற்கைக்கோளின் அலைவரிசை 4 ஜிகாஹெர்ட்ஸாக இருந்தாலும், பெருக்கி தாங்கும் அளவைத் தாண்டி நிறைசெறிவு அடைந்து அத்தனை சேனல்களும் ஒன்றாக மறைந்துவிடக்கூடும். இடையில் ஒரு வடிகட்டியைப் பொருத்தினால் பெரும்பாலும் இது தீரும். ஆனால் வடிகட்டி யாருக்குத் தேவை என்று அறிய, ஏற்பி எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

'செயற்கைக்கோள்கள் உயர் அலைவரிசைகளுக்குப் போகட்டுமே' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கேயூ, கேஏ பேண்டுகள் எனப்படும் அந்த உயர் அலைவரிசைகளின் அலைகள் கனமழையில் வெகுவாக வலுவிழக்கின்றன. சி பேண்ட் மழையை நன்றாகத் தாங்குகிறது. வெப்பமண்டல நாடுகளின் தொலைக்காட்சி விநியோகமும், தீவுகளின் தொலைத்தொடர்பும், பேரிடர்காலத் தொடர்புகளும் நெடுங்காலமாக சி பேண்டை நம்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

கைப்பேசி நிறுவனங்களின் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 3.5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் ஓரளவு தொலைவும் போகும், அகலமான தொடர்ச்சியான அலைக்கற்றையையும் தரும். ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கு இவ்விரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. காணொளிச் சுருக்கத் தொழில்நுட்பம் முன்னேறியதாலும் கண்ணாடியிழைக் கம்பிகள் பரவியதாலும் செயற்கைக்கோள்கள் முன்பைவிடக் குறைந்த அலைக்கற்றையில் அதே சேனல்களைக் கொண்டுசேர்க்க முடிகிறது என்பதும் உண்மை. எனவே இடம் விட்டுக்கொடுக்கச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. அதை எப்படிச் செய்கிறோம் என்பதே என் கவலை.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். அங்கே 3.7 முதல் 3.98 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டு, மேலும் 20 மெகாஹெர்ட்ஸ் காப்பு இடைவெளியாக விடப்பட்டது; 4.0 முதல் 4.2 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் செயற்கைக்கோள்களுக்கு எஞ்சியது. 2021-இல் முடிந்த ஏலத்தில் 8,100 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. இடம்பெயரும் செலவை அலைக்கற்றையை வென்ற நிறுவனங்களே ஏற்றன. விரைந்து வெளியேறும் செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு அதற்கு மேலும் 970 கோடி டாலர் வரை தருவதற்கு ஏற்பாடு இருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு முன்பாக, 2018-இல், பதிவு செய்யப்படாத தரைநிலையங்களுக்கென்று தனியே ஒரு காலவரம்பு அளிக்கப்பட்டது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதுவரை வெறுமனே பெற மட்டும் செய்யும் நிலையங்களுக்குப் பதிவு கட்டாயமாக இல்லாததால், அவை எத்தனை என்பது ஒழுங்குமுறை ஆணையத்துக்கே சரியாகத் தெரியவில்லை. பதிவு முடிந்தபோது அவை 10,000-க்கும் அதிகம் என்று தெரிந்தது. செலவை யார் யாருக்குத் தருவது என்று பேச முடிந்ததே அந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான்.

அதே நாட்டில் கணக்கெடுக்கப்படாமல் விடுபட்ட இன்னொரு ஏற்பியும் உண்டு. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ உயரமானி 4.2 முதல் 4.4 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. பல பத்தாண்டுகளாக அதன் பக்கத்தில் இருந்தது செயற்கைக்கோளின் மெல்லிய அலை மட்டுமே என்பதால், பழைய உயரமானிகள் பலவற்றில் பக்கத்து அலையைத் தடுக்கும் வலுவான வடிகட்டிகள் இல்லை. 2022 ஜனவரியில் கோபுரங்கள் இயங்கத் தொடங்கும் நேரத்தில், பனிமூட்டத்தில் தரையிறங்கும் விமானங்களின் பாதுகாப்பு பற்றி விமானத் துறை எச்சரித்தது. விமான நிலையங்களைச் சுற்றிக் கோபுரங்களின் இயக்கம் தள்ளிவைக்கப்பட்டது, பல விமானங்களில் உயரமானிகளை மாற்றவோ வடிகட்டி பொருத்தவோ வேண்டியிருந்தது. ஏலம் முடிந்து, பணம் கட்டி, கோபுரங்கள் எழுந்த பின் இந்த விவாதம் நடந்திருக்கவே கூடாது.

சில ஏற்பிகளுக்கு மாற்று அலைவரிசையே கிடையாது. வளிமண்டலத்தின் நீராவி 22 ஜிகாஹெர்ட்ஸ் அருகே இயல்பாகவே மெல்லிய கதிர்வீச்சை வெளியிடுகிறது. வானிலைச் செயற்கைக்கோள்கள் அதை 23.8 ஜிகாஹெர்ட்ஸ் அருகே அளந்து மழை, புயல் முன்னறிவிப்புகளுக்குத் தருகின்றன. இயற்கை நிர்ணயித்த இந்த இடத்தை எந்த ஏலமும் நகர்த்த முடியாது. எந்த அலைவரிசை எந்தச் சேவைக்கு என்று நாடுகள் கூடி முடிவெடுக்கும் உலக வானொலித் தொடர்பு மாநாடு 2019-இல் 24.25 முதல் 27.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையான பகுதியைக் கைப்பேசிக்கு அடையாளம் காட்டியது. அங்கிருந்து 23.6 – 24 ஜிகாஹெர்ட்ஸுக்குள் கசியக்கூடிய அலைக்கு, கைப்பேசிக் கோபுரங்களாகிய அடிநிலையங்களுக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 33 டெசிபல்-வாட் என்றும், 2027 செப்டம்பருக்குப் பின் நிறுவப்படுபவற்றுக்கு மைனஸ் 39 என்றும் வரம்பு விதித்தது (எண் கீழே இறங்க இறங்க வரம்பு கடுமையாகும்). வானிலை ஆய்வாளர்கள் இதைவிடக் கடுமையான வரம்பைக் கேட்டார்கள். கசிந்த அலையைச் செயற்கைக்கோளின் அளவி நீராவியின் கதிர்வீச்சு என்றே கொள்ளும். தவறு நடந்ததற்கான அடையாளமே தரவில் தெரியாமல் போகலாம். அந்த எண்ணில் சமரசம் செய்துகொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது போட்டி எதிர்த்திசையிலும் திரும்பியுள்ளது. சாதாரணக் கைப்பேசியோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள்கள், தரைவழிச் சேவைக்கென ஒதுக்கப்பட்ட 2.7 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலைவரிசைகளைக் கேட்கின்றன. வானிலிருந்து விழும் ஒரு கற்றை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து எல்லைகளைத் தாண்டும் என்பதால், இம்முறை காக்கப்பட வேண்டியவை பக்கத்து நாட்டின் கைப்பேசிகளும் கோபுரங்களும்தான். அவற்றுக்கும் அதே நீதி உண்டு.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நடத்தும் அடுத்த உலக வானொலித் தொடர்பு மாநாடு 2027-இல் கூடுகிறது. கைப்பேசிக்காக ஆராயப்படுபவற்றில் 7.125 முதல் 8.4 ஜிகாஹெர்ட்ஸ் வரையான பகுதியும் ஒன்று. அதன் மேல்முனையில், 8.025 முதல் 8.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை, புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் வெள்ளம், காட்டுத்தீ, பயிர்நிலப் படங்கள் தரைக்கு இறங்குகின்றன. மாநாட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு அரசும் தன் எல்லைக்குள் அந்தப் படங்களைப் பெறும் நிலையங்களின் பட்டியலைக் கட்டணமில்லாப் பதிவின் மூலம் இப்போதே தயாரித்துப் பொதுவில் வெளியிட வேண்டும். அவற்றைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் விலக்கு தேவை என்பதையும், வடிகட்டிக்கும் இடமாற்றத்துக்கும் ஆகும் செலவை அலைக்கற்றையைப் பெறுபவரே ஏற்பார் என்பதையும் ஏல அறிவிப்பிலேயே எழுத வேண்டும். தங்கள் நாளிதழ் இந்தப் பட்டியலை அரசிடம் தொடர்ந்து கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்