வாங்கும் அன்றைக்கே வெட்டி வை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நீ அனுப்பிய இரத்தப் பரிசோதனை றிப்போட்டைப் பார்த்தோம். இரத்தம் குறைவென்று கண்டதிலிருந்து அம்மா கடைச் சாப்பாட்டைத் திட்டியபடிதான் இருக்கிறாள். டொக்டர் தந்த இரும்புக் குளிசையை விடாமல் போடு, அதற்கு மேல் நான் வைத்தியம் சொல்லப்போவதில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய்.

வேலை முடிந்து, கோட்டையில் ரயில் ஏறி, வெள்ளவத்தையில் இறங்கி அறைக்கு வர ஏழு மணியாகிறது, அதற்குப் பிறகு யார் சமைப்பது என்கிறாய். நியாயம்தான். நானும் கொழும்பில் வேலை செய்தவன், அந்த ரயிலில் நின்றுகொண்டே வந்தவன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். பொன்னாங்காணி வறை அடுப்பில் ஐந்து நிமிஷ வேலை. அந்தக் கீரையை ஆய்ந்து, கழுவி, அரிந்து எடுக்கத்தான் அரை மணித்தியாலம் போகிறது. களைத்து வந்த நேரத்தில் அதைச் செய்யச் சொன்னால் எனக்கும் கை போனைத்தான் தேடும். அதனால் துப்புரவாக்குகிற வேலையை மரக்கறி வாங்குகிற நாளிலேயே முடித்துவிடு.

கிழமைக்கு இரண்டு தரம் வாங்கினால் உனக்குத் தாராளம். ஒரு நாள் ஞாயிறு காலை. மற்றது வியாழன் பின்னேரம். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்காக வெள்ளவத்தைச் சந்தையில் வியாழன் பின்னேரமே சனம் நெரியும், ஆனால் கீரையும் புதிதாக வந்திருக்கும். நான் அங்கே இருந்த காலத்தில் மொத்த வியாபாரமெல்லாம் புறக்கோட்டை மெனிங் சந்தையில். இப்போது அது பேலியகொடைக்குப் போய்விட்டது, 2020இல் அங்கே புதுக் கட்டடம் திறந்தார்கள். நீ அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். மலிவென்று மூட்டையாக வாங்கி அழுக விடுவதைவிட, பக்கத்துச் சந்தையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குவது லாபம்.

இன்னது சமைப்பதென்று முடிவெடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகாதே. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் அடை மழை என்றால் கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் விலை ஏறிவிடும். அந்தக் கிழமை பூசணி, பயிற்றங்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய் பக்கம் திரும்பு. ஊர் முருங்கைக்காய் வேண்டுமென்றால் காலி வீதியில் யாழ்ப்பாணச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்.

கீரைக் கட்டை மேலால் பார்த்து வாங்காதே, நடுவில் விரித்துப் பார். தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருப்பார்கள், வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கொழகொழத்திருக்கும். தண்டை முறித்தால் டக்கென்று முறிய வேண்டும். இலையில் இரண்டு ஓட்டை இருந்தால் பரவாயில்லை, பூச்சி தின்றதை நாமும் தின்னலாம். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, பழுத்த இலையையும் வேரையும் எடுத்துவிட்டு, ஈரம் போக விசிறியின் கீழே கொஞ்ச நேரம் பரப்பி வை. பிறகு பேப்பரில் சுற்றி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. கழுவாதே, கழுவுவது சமைக்கும்போதுதான். இப்படி வைத்தால் மூன்று நாள் தாங்கும். வல்லாரை அவ்வளவு தாங்காது, அதை முதல் நாளே சம்பல் போட்டுவிடு.

கரட்டையும் போஞ்சியையும் கழுவித் துடைத்து வெட்டி, மூடியுள்ள டப்பாவில் வை. பூசணிக் கீற்றில் விதையை வழித்து எடுத்தாலே போதும். ஒரு தேங்காயைத் திருவி மூன்று பங்காக்கி பிரீசரில் போட்டால், திருவலையோடு மல்லுக்கட்டும் வேலை கிழமை முழுக்க இல்லை. சூடை மீன் வாங்கினால் வெட்டித் துப்புரவாக்கித் தரச் சொல், கூலி கேட்டால் கொடு.

பிறகு இரவில் என்ன வேலை இருக்கிறது? சிவப்பரிசியை ரைஸ் குக்கரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போ. வந்து மைசூர்ப் பருப்பை அவிய விட்டு, முக்கால் பதத்தில் ஒரு பிடி பசளிக் கீரையை அரிந்து போடு. ஒரு சட்டியிலேயே கறியும் கீரையும் ஆகிவிடும். வறை என்றால் தாச்சியில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாயை வதக்கி, கீரையைப் போட்டு, மூடாமல் பிரட்டி, உப்பும் மஞ்சளும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இறக்கு. தேசிப்புளியை அடுப்பிலிருந்து இறக்கின பிறகு விடு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு இலேசில் எடுக்காது, தேசிக்காயில் உள்ள விட்டமின் சி அதற்கு உதவும். தேத்தண்ணி அதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்கிறாள். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடி.

நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உன் சோத்துப் பார்சலில் மரக்கறி என்று இருப்பது இரண்டு கரண்டி. பழத்துக்கு அப்பிள் வாங்கிக் காசைக் கரைக்காதே. விட்டமின் சி கொய்யாவில்தான் பல மடங்கு கூட. கப்பலில் வந்ததென்றால் உங்கள் ஒபிஸ் பிள்ளைகளுக்கு என்னவோ மரியாதை!

எல்லா நாளும் சமை என்று நான் சொல்லவில்லை. மாசத்தில் ஒரு நாள் கொத்து ரொட்டி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, அம்மாவுக்குச் சொல்லாதே.

புதன் இரவு பஸ்ஸில் ஒரு பார்சல் போடுகிறேன். அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, கொஞ்சம் கருவாடு. வியாழன் காலை வேலைக்குப் போக முன்னம் போய் எடுத்துவிடு. கருவாடு மணக்குது என்று போன முறையே பஸ்காரர் முகத்தைச் சுளித்தார், அதனால் நேரம் தாழ்த்தாதே.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா