கூப்பிடு தூரத்தில்

அன்புள்ள சினேகிதிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மலையிலிருந்து திரும்பி, நனைந்த சாமான்களையெல்லாம் காயப்போட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். குனிந்து கனமான எதையும் தூக்க விடாதே.

கடைசிப் பக்கத்தில் மகளைப் பற்றி எழுதியிருந்தாய். கல்லூரி மலையேற்றக் குழுவோடு போகட்டுமா என்று கேட்கிறாள், நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அதோடு என்னையும் கேட்டிருக்கிறாய்: "ஊரார் வீட்டுப் பிள்ளைகளை மலையில் விட்டுவிட்டு உன்னால் எப்படி நிம்மதியாக இருக்க முடிகிறது?" நிம்மதியாக இருக்க முடிவதில்லை, அதுதான் பதில். ஆனால் அந்த நிம்மதியின்மையை எப்படி வைத்துக்கொள்வது என்று இங்கே கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை உனக்கு விளக்கமாகவே எழுத ஆசை.

முதலில் இது என்ன ஏற்பாடு என்று சொல்லிவிடுகிறேன். டியூக் ஆஃப் எடின்பரோ விருது என்று இங்கிலாந்தில் ஒரு திட்டம். இளவரசர் பிலிப் 1956-ல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஜான் ஹன்ட். 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்களே, அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். சமூக சேவை, உடற்பயிற்சி, ஏதாவது ஒரு திறமை என்று பல பிரிவுகள் இருந்தாலும் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவது எக்ஸ்பெடிஷன் என்கிற நடைப்பயணத்தைப் பற்றித்தான். தங்கப் படிக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 4 பகல், 3 இரவு. 4 முதல் 7 பேர் வரை ஒரு குழு. கூடாரம், அடுப்பு, சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாம் அவரவர் முதுகில். பாதையை அவர்களே திட்டமிட்டு, மேப்பையும் காம்பஸையும் வைத்து அவர்களே நடக்க வேண்டும். பெரியவர்கள் கூட நடக்கக் கூடாது என்பது விதி.

இந்தக் குழுக்களுக்கு உதவியாக என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. குழுக்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், உதவிக்கு வருகிறவர்களில் பெண்கள் குறைவு. மலையில் 4 நாள் இருக்கும்போது மாதவிடாய் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் ஆண் ஆசிரியரிடம் கேட்பாளா? கேட்க மாட்டாள், பெயரைத்தான் எடுத்துவிடுவாள். அப்படிப் பின்வாங்க இருந்தவர்களை ஒரு மாலை உட்கார வைத்து, கறுப்பு டேப் சுற்றிய ஜிப் பை ஒன்றைக் கையில் கொடுத்து, பயன்படுத்தியதை அதில் போட்டு மூடி எப்படித் திரும்பக் கொண்டுவருவது, தண்ணீர் இல்லாத இடத்தில் கையை எப்படிச் சுத்தம் செய்வது என்று காட்டினேன். கால் மணி நேரப் பேச்சு. ஒருத்திகூட விலகவில்லை. மற்ற வேலைகளை எனக்குப் பதில் யாராவது செய்திருப்பார்கள். இதை மட்டும் நான் செய்தேன் என்று மனசார நினைக்கிறேன்.

காகித வேலையும் கொஞ்சநஞ்சமில்லை. குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, திறந்தவெளி முதலுதவிப் பயிற்சி, ஆபத்து மதிப்பீடு, பெற்றோர் கையெழுத்து. சிலர் அலுத்துக்கொள்வார்கள். நான் அலுத்துக்கொள்வதில்லை. 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் பள்ளிப் பிள்ளைகளை சிறு படகுகளில் கூட்டிப்போனபோது 4 பேர் கடலில் இறந்துபோனார்கள். அந்தப் பெற்றோர்களும் மற்றவர்களும் போராடியதில் 1995-ல் சாகச மையங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஒவ்வொரு படிவத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இந்த முறை போனது லேக் டிஸ்ட்ரிக்ட், இங்கிலாந்தின் வடமேற்கு மூலை. பெரிய உயரங்கள் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த ஸ்காஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். ஆனால் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம். மரம் மட்டை இல்லாத வழுக்கைச் சரிவு, அரை மணியில் இறங்கிவிடும் மேகம், கோடையிலும் எலும்பைத் தொடும் ஈரக்காற்று. பாரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வைட்தான் இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்யும் ஊர் என்பார்கள். நாங்கள் போனது அதே பள்ளத்தாக்குக்கு.

எங்கள் தலைவர் மலைகளில் பிள்ளைகளை வழிநடத்த முறைப்படி தகுதி பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கு உதவி. முதல் நாள் கிரேட் லாங்டேல் கூடாரத் திடலில் வந்து சேர்ந்த எங்கள் குழுவில் ஆறு பேர். மாலையில் சமையல். இங்கே எல்லாரும் டிராஞ்சியா என்ற ஸ்வீடன் அடுப்பைப் பயன்படுத்துவார்கள். பித்தளைக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைப்பது. அதில் ஒரு ஆபத்து, பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஸ்பிரிட் ஊற்றினால் கையோடு பற்றிக்கொள்ளும். ஒரு பையன் பாட்டிலைத் திறக்கப் போனான். பக்கத்திலிருந்த பெண் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையை அடுப்புக்கு மேலே ஓரடி உயரத்தில் காட்டி வெப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னும் எரியுது" என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அப்படியே நின்றிருக்கிறது. நான் எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டாம் நாள் நடந்தது.

அன்று அவர்கள் லாங்டேலிலிருந்து மிக்கில்டன் என்ற நீண்ட பள்ளத்தாக்கு வழியாக ஸ்டேக் கணவாய் ஏறி, மறுபக்கம் லாங்ஸ்ட்ராத்தில் இறங்கி பாரோடேலுக்கு வர வேண்டும். மிக்கில்டன் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போவது ஸ்டேக் கணவாய். இடப்பக்கம் போவது ராசெட் கில், அது இன்னும் உயரமான, கரடுமுரடான ஏற்றம். நாங்கள் முன்னதாகவே கிளம்பி ஸ்டேக் பாதையின் வளைவு ஒன்றில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்திருந்தோம். பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. ஆறு நிறப் புள்ளிகள் மெல்ல வருவது தெரிந்தது. பிரிவுக்கு வந்தார்கள், நின்றார்கள், மேப்பை விரித்தார்கள். பிறகு முன்னால் நின்ற சிவப்புச் சட்டை இடப்பக்கம் திரும்பியது. மற்ற ஐந்தும் பின்னால் போனது.

எனக்கு நெஞ்சு படபடத்தது. கழுத்தில் விசில் தொங்குகிறது. எழுந்து நின்று கையை ஆட்டினால் போதும். நம்மை வளர்த்த முறை உனக்குத் தெரியும். பிள்ளை தடுக்கி விழும் முன்பே ஓடிப்போய்த் தாங்குவதுதான் பாசம் என்று வளர்ந்தவர்கள் நாம். நான் எழுந்தேவிட்டேன். தலைவர் என்னைப் பார்க்காமலேயே சில கேள்விகள் கேட்டார். மழை வருமா? மேகம் இறங்குகிறதா? போகிற வழியில் கடக்க முடியாத ஓடை இருக்கிறதா? நேரம் என்ன? அவர்கள் உடம்பு எப்படி? எல்லாவற்றுக்கும் பதில் நல்லதாகவே இருந்தது. வானம் தெளிவு, மணி பதினொன்றைக்கூடத் தாண்டவில்லை, காலையில் பார்த்தபோது எல்லாரும் தெம்பாக இருந்தார்கள். "அப்படியானால் இது ஆபத்து இல்லை, தப்பு. தப்பு அவர்களுடையது" என்றார். ராசெட் கில்லில் ஒரு பெரிய பாறையைக் காட்டினார். அதைத் தாண்டினால் நாம் இறங்கிப் போய் நிறுத்துவோம், அதுவரை விடு.

அந்தப் பாறைக்குக் கொஞ்சம் முன்பே அவர்கள் நின்றுவிட்டார்கள். கடைசியில் நடந்த பெண், உருவத்தில் ஆறு பேரிலும் சிறியவள், மேப்பைத் தரையில் விரித்து அதன்மேல் காம்பஸை வைத்தாள். வடக்கே ஏற வேண்டிய பாதை மேற்கே ஏறிக்கொண்டிருந்தது. பைனாகுலரில் எல்லாம் தெரிந்தது: கைகள் ஆடின, ஒருவன் முதுகுப்பையைத் தொப்பென்று போட்டான், சிவப்புச் சட்டை தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தான். பேச்சு கேட்கவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து சிவப்புச் சட்டைக்குத் தன் டப்பாவிலிருந்து ஏதோ கொடுத்தாள். அதன்பிறகு ஆறு பேரும் இறங்கத் தொடங்கினார்கள்.

அன்று மாலை அவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பிரிவிலேயே சந்தேகம் வந்திருக்கிறது. முன்னால் போனவன் அவ்வளவு உறுதியாகத் திரும்பியதால் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: இனிப் பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் வருகிறவர்தான் முதலில் பேச வேண்டும். நான் மேலிருந்து விசில் அடித்திருந்தால் சரியான பாதைக்கு அரை மணியில் வந்திருப்பார்கள். அவள் மட்டும் வாய் திறக்காமலேயே ஊர் திரும்பியிருப்பாள்.

ஆனால் விலகி நிற்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று எடுத்துக்கொள்ளாதே. மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. அன்று கிரீனப் எட்ஜ் என்ற மேட்டைக் கடந்து கிராஸ்மியருக்குப் போவதாகத் திட்டம். மேகம் தாழ இருந்ததால் நாங்கள் தூரத்தைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் குரல் கேட்கும் அளவுக்குப் பின்னாலேயே நடந்தோம். லைனிங் கிராக் என்ற பாறைக்குக் கீழே வந்தபோது எனக்கு ஒரு குரல் குறைவதாகப் பட்டது. காலையிலிருந்து பாடிக்கொண்டே வந்த பையன் பேசவில்லை. குளிரில் உடல் வெப்பம் குறையும்போது முதலில் தெரியும் அறிகுறிகள் இவைதான்: பேச்சு குறையும், எரிச்சல் வரும், கால் தடுமாறும், விரல் ஜிப்பைக்கூடப் பிடிக்காது. 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் மேலும் மோசம். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம்.

அங்கே நாங்கள் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நேராகப் போய் நிறுத்தினோம். ஆரஞ்சு நிற நைலான் மூடாக்கு ஒன்று எங்களிடம் எப்போதும் இருக்கும். எல்லாரும் வட்டமாக முதுகுப்பைமேல் உட்கார்ந்து தலைக்கு மேலே இழுத்துவிட்டு ஓரத்தைக் காலடியில் மடக்கிக்கொண்டால், ஐந்து நிமிடத்தில் உள்ளே மூச்சுக்காற்றிலேயே கதகதப்பாகிவிடும். அவனுடைய ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்த கம்பளிச் சட்டை மாட்டினோம், ஃபிளாஸ்க்கிலிருந்து சூடான சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். ஸ்பூனை அவனால் பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டிவிட்டேன். நடுக்கம் அடங்கி அவன் மறுபடி பேசத் தொடங்கியபோது சொன்ன முதல் வார்த்தை, "மத்தவங்களும் நனைஞ்சிருக்காங்க". அதற்குப் பிறகு மேலே போவது பற்றிப் பேச்சே இல்லை. மோசமான வானிலைக்கென்று அவர்களே முன்கூட்டி எழுதி வைத்திருந்த தாழ்வான மாற்றுப் பாதை இருந்தது. விதியே அதை அனுமதிக்கிறது, பயணத்தை விருதுக்காக மதிப்பிடுகிறவரும் ஒப்புக்கொண்டார். பள்ளத்தாக்குக்கே திரும்பி, கடைசி நாள் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையோரமாக கெஸ்விக் வந்து முடித்தார்கள்.

ஒரே குழு, இரண்டு நாள், இரண்டு விதமான நடத்தை. இரண்டாம் நாள் செய்ததை மூன்றாம் நாள் செய்திருந்தால் குற்றம். மூன்றாம் நாள் செய்ததை இரண்டாம் நாள் செய்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய ஒன்றை நான் எடுத்துக்கொண்டிருப்பேன். எது தப்பு, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கிற கண் எனக்கு அந்தத் தலைவரிடமிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. என் வீட்டுக்குள்ளும் அதைப் பயன்படுத்திப் பார்க்கிறேன். என் மகன் புதுத் தெருவில் வழி தவறினால் இப்போதெல்லாம் உடனே அழைப்பதில்லை. அவன் எங்கே போகிறான் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போது உன் மகள் விஷயம். போகாதே என்று சொல்லாதே, கண்ணை மூடிக்கொண்டு சரி என்றும் சொல்லாதே. கூட்டிப்போகிறவரிடம் போய்ப் பேசு. மலையில் பிள்ளைகளை நடத்திய பழக்கம் எத்தனை நாள், முதலுதவி தெரிந்தவர் யார், வானிலை கெட்டால் எந்த இடத்தில் திரும்புவார்கள், மாற்றுப் பாதை எது, கூட ஒரு பெண் வருகிறாரா என்று கேள். இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்பவராக இருந்தால் நம்பி அனுப்பு. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று மழுப்பினால் அனுப்பாதே, உன் மகளுக்கு அந்தக் காரணத்தையே சொல். அவள் புரிந்துகொள்வாள்.

அவளுக்கு பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்கிக் கொடுத்து வீட்டிலும் தெருவிலும் போட்டு நடக்கச் சொல். புது பூட்ஸோடு மலைக்குப் போகிறவர்கள்தான் கொப்புளத்தோடு வருகிறார்கள். காலில் எங்காவது சூடாக உரசுவது தெரிந்த உடனேயே, கொப்புளம் வரும் முன்பே, பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். இதை அவளிடம் அழுத்திச் சொல்.

கூட்டிப்போகிறவர் என்ன பதில் சொன்னார் என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், கட்டு பிரித்ததும் பார்வை எப்படி இருக்கிறது என்றும் தெரிவி.

என்றும் உன்,
பழைய சினேகிதி